தேய்கிற புஷ்

"பாரூக் பாய், நாலு மாசத்துல மூணு புஷ் தேஞ்சு போச்சு. வெண்கலத்துல என்னத்தைக் கலந்தீரு?"

தென்காசியில் பாரூக்கின் வார்ப்புப் பட்டறைக்குள் நுழைந்ததும் தில்லைநாயகம் கேட்டார். இலத்தூரில் அரிசி மில் வைத்திருப்பவர். மில்லின் தண்டு சுழல்வதற்கான வெண்கல வளையம்தான் புஷ். அவர் பின்னால் மில்லை ஓட்டும் இசக்கியப்பன் நின்றார்.

"ஒண்ணும் கலக்கல அண்ணாச்சி. எல்லாருக்கும் ஊத்துத அதே வெண்கலம்தான்."

"அப்பம் பண்பொழி மில்லுக்கு நீரு செஞ்சது மட்டும் எப்படி ரெண்டு வருசமா ஓடுது?"

பாரூக் உலைப் பக்கம் போய்விட்டார்.

தில்லைநாயகத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பண்பொழிக்காரர் மாற்றுக்கு வைத்திருந்த புஷ்ஷை வாங்கி, தன்னுடையதையும் சேர்த்து, காலேஜில் உலோகவியல் படிக்கும் மகள் ஸ்வாதியிடம் கொடுத்தனுப்பினார்.

அடுத்த வாரம் போன் வந்தது.

"அப்பா, ரெண்டும் ஒரே கலவைதான்."

"பின்ன ஏன்ம்மா தேயுது?"

"மைக்ராஸ்கோப்புல பாத்தா உலோகத்துக்குள்ள மணி மணியாத் தெரியும். பண்பொழி புஷ்ல மணி பொடிசு. நம்மதுல பெருசு. மணி பெருசா இருந்தா உலோகம் மிருதுவாயிரும். உரசும்போது சீக்கிரம் தேயும்."

"நெல்லுல மணி தெரியும். இதென்ன மணி? அது எப்படிப் பெருசாச்சு?"

"உருக்கி ஊத்துனதை மெதுவா ஆறவிட்டா பெருசாகும். சட்டுன்னு குளிர வச்சா பொடிசாகும்."

இசக்கியப்பனை பைக்கில் ஏற்றிக்கொண்டு மறுபடி பட்டறைக்குப் போனார்.

"பாய், என் புஷ்ஷை மட்டும் மெதுவா ஆறவிட்டீரா?"

"ஆமா அண்ணாச்சி."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

பாரூக் லேத் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இருபது வருசப் பழக்கம். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன்."

வெளியே வந்தார். கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். ஏமாற்றுகிறவன் இப்படி ஒப்புக்கொள்வானா?

பைக் சாவியைப் போடும்போது இசக்கியப்பன் கையைப் பிடித்தார்.

"மொதலாளி, தப்பு என்னுது. சாரல் சமயத்துல குத்தாலத்துல குளிச்சிட்டு லேட்டா வந்தேன். அவசரத்துல ஆயில் விட மறந்து மில்லை ஓட்டிட்டேன். தண்டு சூடேறி பலம் போயிருச்சு. கெட்டியான புஷ் போட்டா தண்டுதான் தேயும், அது தாங்காதுன்னு பாய்தான் இப்படி மிருதுவா வார்த்துக் குடுத்தாவ."

"அதை என்கிட்ட சொல்லுததுக்கு என்ன?"

"நானும் பாய்கிட்ட கேட்டேன் மொதலாளி. 'புஷ் தேஞ்சா என் பேருதான் கெடும். தண்டு கெட்டது தெரிஞ்சா உன் வேலை போயிரும்'னாவ."