நெலியர் துரையின் ஆட்டம்

கிளப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தரைக்கு மெழுகு பூசும் நல்லையா உள்ளே வந்ததைக் கண்டதுமே, மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று எட்வர்ட் முடிவு கட்டிவிட்டார். கூடவே மகள் விஜயலெட்சுமியும் வந்திருந்தாள். குற்றவாளிகள் இருவரும் சேர்ந்தே வந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று.

குற்றம் சின்னதல்ல. நமுனுகுல மலையில் மூடிக்கிடக்கும் தேயிலைப் பெக்டரியின் மேல்மாடியில்தான் கர்லிங் கிளப் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை, மெம்பரல்லாத விஜயலெட்சுமி அங்கே கல்லைத் தொட்டுவிட்டாள். தொட்டதோடு நிற்காமல், அதை வழுக்கவிட்டு, கிளப் தலைவர் ஷெல்டனின் கல்லை வட்டத்துக்கு வெளியே தள்ளியும் விட்டாள்.

கர்லிங் என்பது ஸ்கொட்லாந்தில் பனிக்கட்டியின் மேல் ஆடும் ஆட்டம். கைப்பிடி வைத்த வட்டக் கருங்கல்லை வழுக்கவிட்டு, தூரத்தில் கீறிய வட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். நமுனுகுலவில் பனிக்கட்டிக்கு எங்கே போவது? அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் கல்லுக்கு அடியில் கம்பளி ஒட்டி, சீமெந்துத் தரைக்குச் சிவப்பு மெழுகு பூசி, தேங்காய் மட்டையால் பளபளவென்று தேய்த்து ஆடினார்கள்.

தேய்த்தது துரைமார் அல்ல என்பதை மட்டும் எட்வர்ட் தாம் எழுதிய கிளப் வரலாற்றில் குறிப்பிடவில்லை. தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எதை எழுதுவது, எதை விடுவது என்று அவருக்குத் தெரியாதா?

நல்லையா வந்த அன்றைக்குத்தான் பதுளையிலிருந்து விளையாட்டு அதிகாரி ரிஸ்கா வந்திருந்தார். அவர் கிளப்பைப் பதிவு செய்தால்தான் மலேசியாவில் நடக்கும் போட்டிக்குப் போகலாம். ஷெல்டன் அதற்காகத் தைத்த நீலக் கோட்டை இப்போதே போட்டுக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தார்.

எட்வர்ட் வெள்ளிக் கோப்பையை ரிஸ்காவிடம் நீட்டினார்.

"எழுபத்தி நாலுல கடைசியா ஜெயிச்ச நாலு பேரோட பேரும் இதுல வெட்டியிருக்கு மிஸ். மக்கே, டொனால்ட், பெயர்ட், நெலியர். இந்த நெலியர் துரை மாதிரி கல்லு விடுறதுக்கு இன்னைக்கு வரைக்கும் ஆள் இல்ல. என்னோட புத்தகத்துல ஒம்பது பக்கம் அவரப் பத்தித்தான்."

"எந்தத் தோட்டத்துத் துரை?"

"மத்த மூணு பேருக்கும் தோட்டம் தெரியும் மிஸ். இவருக்குத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். பெரிய பிரபு குடும்பமா இருக்கணும்."

ரிஸ்கா தலையசைத்தார். "ஆரம்ப மெம்பர் புத்தகம்?"

"அத கறையான் தின்னுருச்சு மிஸ்."

அந்தப் பேச்சை மாற்றத்தான் எட்வர்ட் நல்லையாவின் பக்கம் திரும்பினார்.

"ஏழாவது சட்டம் தெரியுமா ஒனக்கு? ஏற்கனவே மெம்பரா இருக்கிற ஒருத்தர் கையெழுத்துப் போட்டாத்தான் புது ஆளச் சேக்கலாம். ஒன் மக ரெண்டு தடவ விண்ணப்பம் போட்டு ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பினோம். நெனச்சவங்க எல்லாம் வந்து கைய வைக்க இது என்னா பொதுத் தண்ணிப் பீலியா?"

"சட்டம் தெரியுங்க ஐயா," என்றார் நல்லையா. "துரையே வாசிச்சுக் காட்டுனாருங்க."

"மெழுகு பூசுறவனுக்குத் துரை சட்டம் வாசிச்சாராம்!" ஷெல்டன் கோட்டுப் பொத்தான் தெறிக்கச் சிரித்தார். "சரி சரி, மன்னிப்புக் கேட்டுட்டு மட்டைய எடு. மிஸ்ஸுக்கு ஒரு ஆட்டம் காட்டணும்."

விஜயலெட்சுமி கைப்பையைத் திறந்தாள். பொலித்தீன் பையில் சுற்றிய தடித்த தோல் அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

எட்வர்ட் குனிந்து அட்டையை வாசித்தார். "மெம்பர் புத்தகம்! இது எப்படி ஒங்ககிட்ட?"

"சீமைக்குப் போறப்ப கடைசித் துரை குடுத்துட்டுப் போனாருங்க," என்றார் நல்லையா. "அதுக்கப்புறம் யாரும் கேக்கலீங்க."

ரிஸ்கா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "கடைசியா சேந்தவர் நெலியர். அதுக்குப் பிறகு ஒரு பேரும் இல்லையே? உங்கள யாரு சேத்தது மிஸ்டர் எட்வர்ட்?"

"நாங்க புதுப் புத்தகம் தொறந்தோம் மிஸ். எனக்கு ஷெல்டன் கையெழுத்துப் போட்டாரு."

"ஷெல்டனுக்கு?"

"நான் போட்டேன்."

ரிஸ்கா பேனாவை மூடினார். "உங்க சட்டப்படி அது செல்லாது. இதுல மத்த எல்லார் பேருக்கும் நேரா விலகிட்டாங்கன்னு எழுதியிருக்கு. அப்ப இன்னைக்கு இந்தக் கிளப்புல இருக்கிற ஒரே மெம்பர் நெலியர்தான். அவரு வந்து உங்களச் சேத்தாத்தான் நான் பதிவு செய்யலாம்."

எட்வர்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரபு குடும்பத்தின் மேல் அவருக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது.

"ஸ்கொட்லாந்துக்கு ஒரு கடிதம் போடுவோம் மிஸ். அவ்வளவு பெரிய மனுசன், நம்மளக் கைவிட மாட்டாரு."

நல்லையா ரிஸ்காவிடம் பேனாவைக் கேட்டு வாங்கினார். கடைசிப் பெயருக்குக் கீழே மகளின் பெயரை எழுதி, பக்கத்தில் நிதானமாக ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டார். ரிஸ்கா அந்தக் கையெழுத்தையும், மேலே நெலியர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஐம்பது வருசத்துக்கு முந்தைய கையெழுத்தையும் மாறிமாறிப் பார்த்தார். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது.

"அன்னைக்கு ஆட்டத்துக்கு ஒரு ஆள் கொறஞ்சுதுங்க மிஸ்," என்றார் நல்லையா. "துரை வாயில நல்லையான்னு சரியா வரல."

ஷெல்டன் நீலக் கோட்டைக் கழற்றத் தொடங்கினார். எட்வர்ட் தாம் எழுதிய ஒன்பது பக்கங்களையும் மனதுக்குள் ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

நல்லையா பேனாவை மூடவில்லை. இருவரையும் பார்த்து மரியாதையாகக் கேட்டார்:

"அடுத்து யாரு சேரணுங்க?"