குரூப்பில் போட்டாச்சு

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் முதல் வேலையாக அவள் அதைத்தான் தட்டினாள்.

'கழிவுத் தொட்டிக்குக் காற்று அனுப்பும் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. இன்று யாரும் தொட்டிக்குள் இறங்க வேண்டாம்.'

சாயப்பட்டறையின் வாட்ஸப் குரூப். நாற்பத்திரண்டு பேர். மணி இரண்டு பத்து.

அந்த வரிக்கு மேலே ஏழெட்டு வாழ்த்துகள் வந்திருந்தன. மேனேஜருக்குப் பிறந்தநாள். அவள் அவற்றைப் படிக்கவில்லை.

அனுப்பிவிட்டுக் கண்ணை மூடினாள். காலை ஷிப்டு முழுக்க நின்ற கால்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

முழிப்பு தட்டியபோது மடியில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

கேக். பலூன். கூப்பிய கைகள். ஆபீஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேனேஜரின் பள்ளிக்கூடப் படத்தையே தேடிப் பிடித்துப் போட்டிருந்தார். எங்கிருந்துதான் பிடிப்பார்களோ.

தள்ளித் தள்ளி மேலே போனாள். அவளுடைய வரி, கல்யாணக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை போல நடுவில் கிடந்தது. கீழே ஒரு பதில் இல்லை.

மணி இரண்டு ஐம்பது.

மூன்று மணிக்கு மாரப்பன் தொட்டிக்குள் இறங்குவான். வியாழக்கிழமைதோறும் அடியில் படிந்த சேற்றை அள்ளுவது அவன் வேலை. பட்டறை இரைச்சலில் மோட்டார் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று காதுக்குத் தெரியாது. சூப்பர்வைசர் சொன்னால்தான் உண்டு.

காலை ஷிப்டு சூப்பர்வைசர் அவள்தான்.

காற்று போகாத தொட்டியில் தேங்கிய விஷவாயு மட்டும்தான் இருக்கும். இரண்டு மூச்சு போதும்.

போன மாதம்வரை ஒரு ரெஜிஸ்டர் இருந்தது. ஷிப்டு முடிக்கிறவர் எழுத வேண்டும், அடுத்து வருகிறவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. இந்தக் காலத்தில் நோட்டு எதற்கு, எல்லாவற்றையும் குரூப்பில் போடுங்கள் என்று மேனேஜர் அதை நிறுத்தினார்.

பத்து நாள் கழித்து இன்னொரு உத்தரவு. பட்டறைக்குள் வேலை செய்கிறவர்கள் கேட்டிலேயே போனைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

இரண்டு உத்தரவுக்கும் கீழே ஒரே கையெழுத்து. இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தவர்தான் ஒருவரும் இல்லை. அவளும் படிக்கவில்லை.

அடுத்த ஷிப்டு சூப்பர்வைசர் தனசேகரை நேரில் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அவர் கேக் வாங்கப் போயிருந்தார். இரண்டு ஐந்து பஸ்ஸை விட்டால் அடுத்தது மூன்றரைக்குத்தான். குரூப்பில் போட்டால் போகிறது என்று ஓடி வந்துவிட்டாள்.

ஒரு அட்டையில் எழுதி ஏணியில் கட்டியிருந்தால் கை முறிந்தா போயிருக்கும்?



தனசேகருக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கேட்டில், பெட்டிக்குள் அடித்திருக்கும்.

மேனேஜருக்கு அடித்தாள். அவர் வேறொரு அழைப்பில் இருப்பதாக ஒரு பெண் குரல் பணிவாகச் சொன்னது. மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே பணிவு.

போனில் 'கேட் வாட்ச்மேன்' என்று எப்போதோ பதிந்து வைத்த நம்பருக்கு அடித்தாள். எடுத்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

"நானு அங்கிருந்து வந்து ரெண்டு மாசமாச்சுங்களே அம்மிணி. இப்பக் காங்கயத்துல ஒரு மண்டபத்துல இருக்கறனுங்க. அங்க இப்ப ஆரு நிக்கறாங்கன்னு தெரியலீங்களே."

மணி மூன்று ஐந்து.

கண்டக்டரிடம் கத்தி பைபாஸில் நடுவழியில் இறங்கினாள். சாலையைக் கடந்து ஓடி, பட்டறைப் பக்கம் போகிற வண்டிக்கெல்லாம் கையை நீட்டினாள். லாரிகள் புழுதியை அப்பிவிட்டுப் போயின.

ஒற்றைக் கையால் தட்டினாள். 'மாரப்பனை இறக்காதீர்கள்.' அடுத்த நொடியே மூன்று கேக்குகள் வந்து அதை மேலே தள்ளின.

பிறகு ஒரு போட்டோ வந்தது. பட்டறை முற்றத்தில் கேக் வெட்டுகிறார்கள். அனுப்பிய அக்கவுண்ட்ஸ் பெண்ணுக்கு உடனே அடித்தாள். எடுக்கவில்லை. கை முழுக்க க்ரீமாக இருக்கும்.

படத்தைப் பெரிதாக்கினாள். மேனேஜர் வாயில் கேக். பக்கத்தில் தனசேகர் கைதட்டுகிறார். முகம் முகமாக நகர்த்திக்கொண்டே போனாள். கேக் என்றால் மாரப்பன் விடமாட்டானே, இந்தக் கூட்டத்தில் எங்காவது நிற்கக் கூடாதா.

கூட்டத்துக்குப் பின்னால், முற்றத்தின் கோடியில் தொட்டி. தொட்டி வாயில் ஏணியின் தலை நீட்டிக்கொண்டிருந்தது. ஏணிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி நீல வார்ச் செருப்பு, ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தது.

மாரப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்குவான்.

அப்போது மேனேஜர் குரூப்புக்கு வந்தார்.

மேலிருந்து ஒவ்வொரு வாழ்த்துக்கும் கீழே ஒரு கட்டைவிரல் விழத் தொடங்கியது. யாருக்கும் குறை வைக்காத மனிதர். நூறாண்டு வாழ்க சாருக்கு ஒன்று. பூங்கொத்துக்கு ஒன்று. எங்கள் வழிகாட்டிக்கு ஒன்று. வரிசையாக அவளுடைய வரியை நோக்கி இறங்கி வந்தன.

"படிங்க சார்," என்றாள் ரோட்டில் நின்று, கையிலிருந்த போனைப் பார்த்து. "படிங்க சார், படிங்க."

அவளுடைய வரிக்கும் ஒரு கட்டைவிரல் விழுந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

அடுத்த பலூனுக்கும் ஒன்று விழுந்தது.