கட்டிப்பிடித்தாலும் தெரியக்கூடாது

"டெல்பர்ட் அண்ணே, இருக்கறதுலயே சின்னத் துப்பாக்கியா ஒண்ணு குடுங்க. என் மாமியாருக்கு மட்டும் தெரியவே கூடாது" என்றாள் டார்லா.

டெல்பர்ட் சிரித்தார். அந்த டெக்சஸ் சிற்றூரில் அவருடைய துப்பாக்கிக் கடையை மூடச் சொல்லி, சர்ச் வாசலில் நின்று கையெழுத்து வேட்டை நடத்துகிறவளே டார்லாவின் மாமியார் எர்லீன்தான்.

"தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க?"

"சர்ச்சுல என் பேரைச் சொல்லியே ஜெபம் பண்ணி மானத்தை வாங்கும். பெட்ரோல் பங்க்ல ராத்திரி டூட்டில தனியா நிக்கறது நானா, அதுவா?"

"கைப்பையில வச்சுக்கயேன்."

"மிட்டாய் தேடற சாக்குல குடைஞ்சிடும்."

"இடுப்புல?"

"வாராவாரம் சர்ச்சுல எலும்பு நொறுங்கக் கட்டிப்பிடிக்கும். அது பாசம் இல்லண்ணே, சோதனை!"

டெல்பர்ட் உள்ளங்கையில் அடங்கும் தட்டையான துப்பாக்கி ஒன்றை எடுத்து, குண்டில்லை என்று திறந்து காட்டி, தோலுறையில் செருகினார்.

"பாக்கெட்ல போட்டுக்க. எவ்வளவு இறுக்கிப் பிடிச்சாலும் தெரியாது."

"சும்மா அடிச்சு விடாதீங்க. எப்படி நம்பறது?"

"போன ஞாயித்துக்கிழமை கட்டிப்பிடிச்சாங்களா?"

"பிடிச்சுச்சே, மூச்சே முட்டிப் போச்சு!"

"அவங்க பாக்கெட்ல ஏதாவது உறுத்துச்சா?"

"இல்லியே..."

"அப்ப தைரியமா வாங்கிக்கம்மா. அவங்க எங்கிட்ட வாங்கிட்டுப் போனதும் இதே சைஸ்தான்."