பையைத் தூக்காத மகாராஜா

"மகாராஜா வந்தாச்சு" என்றாள் தையல்காரம்மா, குரலைத் தாழ்த்தி.

அவளோடு காத்திருந்த ஐந்து பெண்களும் வாசலைப் பார்த்தார்கள்.

கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு முதலில் மனைவி நுழைந்தாள். வலது கையில் பெரிய பை. அதே கையில்தான் மணிக்கட்டிலிருந்து தோள் வரை நீல நிற டேப். பின்னாலேயே கணவர், முழுக்கைச் சட்டையில். ஒரு கையில் ஃபைல், இன்னொரு கை பேன்ட் பாக்கெட்டுக்குள்.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து, அதற்கப்புறம் கை வீங்கிப்போனவர்கள் வரும் பிரிவு அது. தெரபிஸ்ட் பெண் டேப்பை விசிறி மாதிரி நறுக்கி, இழுத்துப் பிடிக்காமல் பதமாக ஒட்டிவிடுவாள். தேங்கின நீர் மெல்ல வடியும். வீங்கின கையில் கனம் தூக்கக் கூடாது, வளையல் போடக் கூடாது என்பதெல்லாம் அங்கே வருகிற எல்லோருக்கும் மனப்பாடம்.

"பாருங்க, அந்தக் கையிலயே பை. வளையல் வேற. எடுத்துச் சொல்ல வீட்ல ஆள் இல்ல போல."

"இருக்காரே, பாக்கெட்ல கையை விட்டுக்கிட்டு."

அந்த ஐவரில் ஒருவரான டீச்சருக்குப் பொறுக்கவில்லை. ரிட்டையர் ஆகி நாலு வருஷம் ஆகியும், தப்பைக் கண்டால் அவர் வாய் சும்மா இருக்காது.

"ஏன் சார், நானும் மூணு வாரமா பாக்குறேன். வீட்டம்மா கை இருக்கிற நிலைமையில, அந்தப் பையை நீங்க வாங்கிக்கிட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். காது சிவந்துவிட்டது.

"பரவால்ல டீச்சர், எனக்குப் பழகிடுச்சு" என்று மனைவி சிரித்தாள்.

"நீ பழக்கி வச்சதுதாம்மா எல்லாம்!"

எல்லோருக்கும் பரம திருப்தி. தையல்காரம்மா கண்ணாலேயே சபாஷ் போட்டாள்.

முதலில் டீச்சரைத்தான் கூப்பிட்டார்கள். டேப் ஒட்டி முடித்ததும் தெரபிஸ்ட், "பசை பிடிக்கணும். பத்து நிமிஷம் கையை அசைக்காம உக்காருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான். காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றால் ஒரு கையை அசைக்கக் கூடாதே.

"சட்டையைக் கழட்டுங்க சார்."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முழங்கைகிட்ட ஒரு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு. விரல் வீக்கம்தான் அப்படியே இருக்கு."

"போதும்மா. இனிமே நான் வரலை." அது அந்தக் கணவரின் குரல். "வெளிய அத்தனை பேரும் பொம்பளைங்க. இந்த நோய் எனக்குத்தான்னு தெரிஞ்சா..."

"ஆம்பளைங்களுக்கும் வரும் சார். இந்த நோய் வர்ற நூறு பேர்ல ஒருத்தர் ஆம்பளைதான். இப்ப நிறுத்தினீங்கன்னா கை கெட்டிப்பட்டுடும். அப்புறம் என்கிட்ட வந்தும் பிரயோஜனமில்ல."

"ஏங்க, யாருக்குத் தெரியப்போகுது?" இது மனைவி. "அதுக்குத்தானே நானும் ஒட்டிக்கிட்டு வர்றேன்? டீச்சர் எப்படித் திட்டினாங்க பாத்தீங்கல்ல? நோயாளி நான்தான்னு நம்பினதாலதானே திட்டுறாங்க? அவங்க திட்டுற வரைக்கும் நமக்குக் கவலையே இல்ல."

"உன்னையும் சுமக்க வச்சுக்கிட்டு..."

"பைதானே, பெரிய மலையா? நீங்க வந்தாப் போதும். ஏம்மா, மிச்சம் துண்டு இருந்தா என் கையில ஒட்டிவிடு. போன தடவை ஒட்டினது ஓரத்துல கிளம்பிடுச்சு."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் வாயை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

பத்து நிமிஷம் முடிந்ததும் வெளியே வந்தார். வீட்டுக்குப் போகாமல் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவர்களும் வந்தார்கள். மனைவி புது டேப்போடு பையைத் தூக்கினாள். அவர் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. ஆனால் முகம் மட்டும், இன்றோடு சரி என்று முடிவெடுத்தவர் முகம்.

தையல்காரம்மா டீச்சர் பக்கம் சாய்ந்தாள். "விடாதீங்க டீச்சர்."

டீச்சர் எழுந்தார். மன்னிப்புதான் வாய் வரை வந்தது. அதை அப்படியே விழுங்கினார்.

"ஏன் சார்!" ஹால் முழுக்கக் கேட்டது அவர் குரல். "வீட்டம்மா கை வீங்கியிருக்கு, உங்க கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? வியாழக்கிழமையும் வருவீங்கல்ல, அப்பவும் கேப்பேன்!"