பன்னிரண்டு, எட்டு, ஆறு

டாக்டர் புத்தகத்தை முழுசாகத் திறக்கவில்லை, அதற்குள் சைத்ரா "பன்னிரண்டு" என்றாள்.

அடுத்த பக்கத்துக்கு எட்டு. அதற்கடுத்து ஆறு. வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. அவளுக்கோ அது தண்ணீர் பட்ட பாடாக இருந்தது.

பக்கத்து நாற்காலியில், கணவரின் டூட்டிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா காமாக்ஷிக்குப் பெருமை பிடிபடவில்லை.

மைசூரில் கடல் ஏது? சைத்ராவுக்குத் தெரிந்த கடல், காரஞ்சிக் கெரே ஏரியில் பெடல் போட்டு ஓட்டும் படகுதான். அப்படிப்பட்டவளின் கல்லூரிக்கு வெள்ளை உடுப்பில் ஒரு கப்பல் அதிகாரி வந்தார். சரக்குக் கப்பலுக்கு ஆள் போதவில்லை, பெண்களும் வரலாம், உலகத்தையே சுற்றலாம் என்று பேசிவிட்டுப் போனார். அன்றிலிருந்து போனால் கப்பலுக்குத்தான் என்று பெண் ஒற்றைக் காலில் நின்றாள்.

உறவெல்லாம் சிரித்தது. கப்பல் ஓட்டுகிறவளுக்கு எவன் மாலை போடுவான் என்று அத்தைக்காரி போன் போட்டே கேட்டாள். சிரிக்காதவர் அப்பா வெங்கடராமன் ஒருவர்தான்.

முதலில் உள்ளூரில் கண்ணைக் காட்டிக்கொண்டு வரக் கப்பல் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அதற்கும் அவரே மகளைத் தயார் பண்ணினார். சாயங்காலம் அவளை எதிரே உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டபடி, வாய்ப்பாடு மாதிரி எண்களைச் சொல்லிக்கொடுத்தார். பன்னிரண்டு, எட்டு, ஆறு, இருபத்தொன்பது. சமையலறையில் நின்று கேட்டுக் கேட்டுக் காமாக்ஷிக்கே பாடமாகிவிட்டது. எந்த அப்பா இத்தனை மெனக்கெடுவார் என்று பூரித்துப்போனாள்.

டாக்டர் சைத்ராவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். புத்தகத்தை மூடினார். நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினார்.

சைத்ரா விட்ட இடத்திலிருந்து அடுத்த எண்ணைச் சொன்னாள், இருபத்தொன்பது.

அவர் தலையாட்டிவிட்டு இன்னொரு பக்கத்தைக் காட்டினார். சைத்ரா குனிந்து பார்த்தாள், கண்ணைச் சுருக்கினாள், வாயைத் திறக்கவில்லை. காமாக்ஷிக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே நாற்பத்தைந்து பளிச்சென்று தெரிந்தது.

போனில் பார்த்தபோதும் தனக்கு வெறும் புள்ளிதான் தெரிந்தது, எல்லாருக்கும் அப்படித்தான், வரிசையாகச் சொன்னால் போதும் என்று அப்பா சொன்னாரே என்று சைத்ரா முணுமுணுத்தாள்.

டாக்டர் கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார். இவளுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை. இருட்டில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதை அதன் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மாறிப்போனால் கப்பலும் கப்பலும் மோதும். கப்பல் வேலையை மறந்துவிடுங்கள்.

காமாக்ஷிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சைத்ரா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பெண் குழந்தைகளுக்கு இதெல்லாம் வராது என்பார்களே என்று காமாக்ஷி மன்றாடிப் பார்த்தாள். அபூர்வம்தான் என்றார் டாக்டர். அம்மா வழி, அப்பா வழி இரண்டிலிருந்தும் வந்தால்தான் பெண்ணுக்கு வரும். அம்மாவுக்கு வெளியே தெரியாமல் இருக்கலாம். அப்பாவுக்கு இருந்தே தீரும்.

காமாக்ஷிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல கதை! அவருக்கா? வேலையில் சேரும்போதும் கண்ணைச் சோதித்தார்கள், அதற்குப் பிறகும் சில வருஷத்துக்கு ஒரு தடவை சோதிக்கிறார்கள், இதே புத்தகத்தைக் காட்டித்தான், அவர் ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று படபடவென்று சொன்னாள்.

சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. இதே புத்தகம்.

பன்னிரண்டு, எட்டு, ஆறு, இருபத்தொன்பது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாரே மனுஷர்.

தேவராஜ மார்க்கெட்டிலிருந்து அவர் தக்காளி வாங்கி வந்தால் பாதி காயாகத்தான் இருக்கும். கண்ணை எங்கே அடகு வைத்துவிட்டு வந்தீர்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறாள். அவர் சிரித்தபடி நகர்ந்துவிடுவார்.

அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று டாக்டர் கேட்டார்.

காமாக்ஷி குனிந்து மடியிலிருந்த பையைப் பார்த்தாள். சைத்ரா சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள். கப்பல் கைவிட்டுப்போன துக்கம் அந்த முகத்தில் இல்லை. பயம்தான் இருந்தது.

"அம்மா, அப்பா இன்னிக்கு ராத்திரி ரயில் ஓட்டணுமேம்மா."

கதவு திறந்தது. வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் காத்திருந்த வெங்கடராமன் தலையை உள்ளே நீட்டினார்.

"ஆச்சா? பையைக் குடு காமு, டூட்டிக்கு நேரமாறது."

பை அவள் மடியில்தான் இருந்தது. உள்ளே சாப்பாட்டு டப்பா, டார்ச். அதற்குப் பக்கத்தில் காலையில் அவளே சுருட்டி வைத்த கொடிகள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. சிவப்புக் கொடியின் ஓரத்தில் மட்டும் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடு, அவசரத்தில் கைக்குச் சட்டென்று அகப்படும் என்று கல்யாணமான புதிதில் அவர் கேட்டிருந்தார். மனுஷருக்கு எத்தனை முன்யோசனை என்று அவள் மெச்சிக்கொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு புதுக் கொடிக்கும் அவள்தான் முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறாள்.

பைத் துணிக்கு மேலேயே அந்த முடிச்சு அவள் விரலில் தட்டுப்பட்டது.

அவர் கையை நீட்டியபடி நின்றார். காமாக்ஷி பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.