ஐந்தாவது நோன்பு

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு விரும்பியவர்கள் பிடிக்கும் ஆறு நோன்பில் இன்று ஐந்தாவது. சாய்ந்தமருதில், தன் வளவு வாசலில், ஒரு கோப்பைத் தண்ணீரோடு உதுமாலெவ்வை தனியே உட்கார்ந்திருக்கிறார். முதுகுப் பக்கம் கடல் இருண்டுவிட்டது. மேற்கே தென்னைகளுக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் செம்மை. நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்லும் பள்ளிவாசல் பாங்கு, மந்தமாகிப்போன அவர் காதுக்கு எட்டி வருசம் நாலாகிறது. றமழானில் அது குறையாகத் தெரிவதில்லை. ஊரே நோன்பு திறக்கும்போது பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்தால் போதும். வீட்டிலென்றால், பாங்கு கேட்டதும் மனைவி மரியங்கண்டு அவருடைய வலது முழங்கையில் மெல்லத் தட்டுவாள். அவள் மௌத்தாகி, மண்ணில் அடங்கி ஏழு மாதம். எதிர்வீட்டில் பகலெல்லாம் அடுப்புப் புகைகிறது. இந்த நோன்பு அவருக்கு மட்டும்தான். நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது. கோப்பையைத் தொடுகிறார், இன்னும் ஒரு கீற்று வெளிச்சம் மிச்சமிருக்கிறதே என்று கையை எடுத்துக்கொள்கிறார். பார்க்க யாருமில்லை. செம்மை சாம்பலாகி, சாம்பலும் கறுக்கிறது. பள்ளியிலிருந்து வரும் எதிர்வீட்டு மீராமுகைதீன் நின்று, குனிந்து, அவர் காதோடு கேட்கிறான்:

"காக்கா, இன்னும் தொறக்கல்லியா? பாங்கு சொல்லி, நாங்க தொழுதிட்டே வாறம்."

"ஓம் தம்பி, தொறக்கத்தான் போறன்."

அவன் போகும்வரை இருக்கிறார். பிறகு இடது கையால் தன் வலது முழங்கையில் மெல்லத் தட்டிவிட்டு, பிஸ்மி சொல்லிக் கோப்பையைத் தூக்குகிறார்.