சப்பாத்துக் காலோடு

சாமிப் படத்துக்கு முன்னால் அம்மா சப்பாத்துக் காலோடு நின்று கும்பிட்டாள். ஊரில் செருப்போடு யாராவது வாசல் தாண்டினாலே விளக்குமாற்றைத் தூக்குகிற அம்மா. இந்த அகதி விடுதியின் முன்னால், நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கத்துகிற கூட்டம் சேரத் தொடங்கியதிலிருந்து, உண்ணும்போதும் உறங்கும்போதும் மகள் நிரோஜினியும் சப்பாத்தைக் கழற்றக் கூடாது. எந்த நேரமும் விடுதியைக் கொளுத்துவார்கள், ஓட வேண்டும். ஊரைவிட்டு வெறுங்காலோடு ஓடியதில்தான் தம்பியின் உள்ளங்கால் கிழிந்தது. படகில் அந்தப் புண் சீழ்பிடித்து, காய்ச்சலிலேயே போய்விட்டான்.

யன்னல் கண்ணாடி நொறுங்கிக் கல்லொன்று கட்டிலில் விழுந்தது.

"எழும்பு பிள்ளை, பின்பக்கத்தாலை ஓடுவம்."

"எங்கையம்மா? இனி எந்த நாட்டுக்கு?"

"கத்தாதை, அவங்களுக்குக் கேக்கப் போகுது."

"கேக்கட்டும்! அங்கையும் வாயைப் பொத்தச் சொன்னியள், படகிலையும் பொத்தச் சொன்னியள். எனக்குப் பயத்திலை நெஞ்சு வெடிக்குது. ஆனா ஓடமாட்டன். தம்பியைக் கடல்லை போட்டிட்டு வந்தது, இவங்களுக்குப் பயந்தும் ஓடுறதுக்கே?"

நிரோஜினி நிலத்தில் உட்கார்ந்து சப்பாத்துகளைக் கழற்றினாள். முடிச்சு லேசில் அவிழவில்லை. கதவைத் திறந்து, அவற்றை வெளியே ஒரு சோடியாக வைத்தாள். உள்ளே ஆட்கள் வாழ்கிறார்கள் என்று வருகிறவர்களுக்குத் தெரியட்டும்.

கீழே படிகளில் பல காலடிகள் ஏறத் தொடங்கின.

"கதவைச் சாத்தடி!"

அவள் சாத்தவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.